மூன்று சுவர்களுக்கு நடுவே ஒரு தொட்டி: வட அமெரிக்க வீடுகளில் குளியல் தொட்டியையும் ஷவர் சுவரையும் மாற்றும் திட்டம்

வட அமெரிக்க வீடுகளில் மிகப் பரவலாகக் காணப்படும் குளியல் தொட்டி, மூன்று பக்கமும் சுவர் சூழ்ந்த ஒரு மாடத்துக்குள் பொருந்தியிருப்பது. நீளம் 60 அங்குலம். அகலம் 30 முதல் 32 அங்குலம். விளிம்பின் உயரம் 14 முதல் 20 அங்குலம். தொட்டிக்கு மேலே ஷவர் இருக்கும். மூன்று சுவர்களையும் டைல்ஸ் அல்லது அக்ரிலிக், கண்ணாடியிழைப் பலகைகள் மூடியிருக்கும். இந்தச் சுவர் உறைக்கு அங்கே ‘சரவுண்ட்’ என்று பெயர். தொட்டியையும் சரவுண்டையும் இரண்டு தனிப் பொருள்களாகக் கணக்கிடுவதில்தான் பல திட்டங்கள் முதலிலேயே பிசகுகின்றன. தொட்டியின் விளிம்பில் மேல்நோக்கி நிற்கும் மெல்லிய மடிப்பு ஒன்று சுவருக்குள் மறைந்திருக்கிறது. சுவர் உறையின் கீழ் ஓரம் அந்த மடிப்பின்மேல் இறங்கி நிற்கிறது. அதனால் சுவரில் கை வைக்காமல் தொட்டியை எடுக்க முடியாது. தொட்டி எதுவென்று முடிவாகாமல் சுவரின் அளவையும் முடிவு செய்ய முடியாது.

இந்த அமைப்புக்கு நூறு வயதுக்கு மேலாகிறது. 1883இல் விஸ்கான்சின் மாநிலத்தின் ஷெபாய்கன் ஊரில் ஜான் மைக்கேல் கோலர் என்பவர், பண்ணை விலங்குகளுக்காக வார்ப்பிரும்பில் செய்துவந்த தொட்டி ஒன்றுக்கு எனாமல் பூசி, நான்கு கால்கள் வைத்து, குளியல் தொட்டியாக விற்றார். கால் வைத்த தொட்டியின் அடியில் அழுக்கு சேர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முன்பக்கம் தரைவரை மூடிய, சுவரோடு பதிந்த தொட்டி வந்தது. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில், தொட்டியும் மூன்று சுவர்களும் ஒரே வார்ப்பாக அமைந்த கண்ணாடியிழைக் கூடுகள் புது வீடுகளில் பெருகின. வீட்டின் மரச்சட்டம் நிற்கும்போதே, உள்சுவர் எழும்பும் முன்பே, அந்தக் கூட்டை உள்ளே வைத்துவிடுவார்கள். பிறகு சுற்றிலும் சுவரும் கதவும் வந்துவிடும். முழுதாக வெளியே கொண்டுவர வழியே இருக்காது. ரம்பத்தால் அறுத்துத் துண்டு துண்டாகத்தான் எடுக்க வேண்டும். அதே மாதிரிப் புதுக் கூடு ஒன்றைக் கடையில் பார்த்து வாங்கிவந்தால் அது குளியலறைக் கதவைத் தாண்டாது. பழைய வீட்டுக்கு ஏற்றவை தொட்டி தனியாகவும் சுவர் இரண்டு, மூன்று, ஐந்து துண்டுகளாகவும் வரும் தொகுப்புகள்தாம்.

தமிழ்நாட்டிலோ யாழ்ப்பாணத்திலோ வளர்ந்து, டொராண்டோவிலோ நியூ ஜெர்சியிலோ வீடு வாங்கியவர்களுக்கு இங்கே ஒரு அடிப்படை வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். ஊரில் குளியலறைச் சுவர் செங்கல்லும் சிமெண்டும். தண்ணீர் உள்ளே போனால் சுவர் ஓதம் காக்கும், பெயிண்ட் உரியும். சுவர் மக்கிப் போகாது. வட அமெரிக்க வீட்டின் சுவருக்குள் பெரும்பாலும் 16 அங்குல இடைவெளியில் நிற்கும் மரச்சட்டங்கள். அவற்றின்மேல் இரு பக்கமும் காகிதம் ஒட்டிய ஜிப்சம் பலகை, அதாவது ட்ரைவால். காகிதமும் மரமும் ஈரத்தில் பூஞ்சைக்கு உணவு. ஊர்க் குளியலறையில் வாளித் தண்ணீரைச் சுவரில் வீசி அடித்துக் கழுவும் வழக்கம் இந்தச் சுவருக்கு ஒத்துவராது. டைல்ஸுக்கு இடையே நிரப்பும் சிமெண்ட் க்ரௌட் தண்ணீரைத் தடுப்பதில்லை, மெதுவாக உறிஞ்சிக்கொள்கிறது. டைல்ஸ் ஒட்டியதனாலேயே சுவர் நனையாது என்ற நம்பிக்கைதான் இந்த விஷயத்தில் அதிகச் செலவு வைக்கும் நம்பிக்கை. தண்ணீரைத் தடுப்பது டைல்ஸுக்குப் பின்னால் இருக்கும் அடுக்கு. திட்டம் முழுவதும் அந்த அடுக்கிலிருந்தே தொடங்க வேண்டும்.

மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டதா என்பதைச் சில இடங்களைத் தொட்டுப் பார்த்தே அறியலாம். குழாய் பதிந்த சுவரில், தொட்டிக்கு மேல் இரண்டாம் மூன்றாம் வரிசை டைல்ஸை உள்ளங்கையால் அழுத்தும்போது சுவர் சற்றே உள்வாங்கினால் பின்னாலிருக்கும் பலகை ஊறிப்போயிருக்கிறது. விரல் கணுவால் தட்டினால் சில டைல்ஸ் கணீரென்றும் சில பொத்தென்றும் ஒலிக்கும். இரண்டாவது வகை ஒட்டை விட்டவை. சிலிக்கோனைச் சுரண்டிப் புதிதாக இட்டும் சில வாரங்களில் அதே இடத்தில் கறுப்புப் படிந்தால் ஈரம் வெளியிலிருந்து அல்ல, உள்ளேயிருந்து வருகிறது.

இவற்றைவிடவும் உண்மை பேசும் இடம் ஒன்றுண்டு. தொட்டியின் முன்பக்கத் தகடு முடிகிற மூலையில், தொட்டிக்கும் குளியலறைத் தரைக்கும் சுவருக்கும் பொதுவான ஒரு முனை இருக்கும். ஷவர் திரைச்சீலையின் ஓரத்தில் வழியும் தண்ணீர் விளிம்பு வழியே ஓடி அங்கேதான் சொட்டும். டைல்ஸ் அதற்குச் சற்று முன்பே நின்றுவிட, மிச்சமிருக்கும் நான்கு விரல் அகலச் சுவர் வெறும் பெயிண்ட் அடித்த ட்ரைவாலாக இருக்கும். அடிப்பலகை உப்பி, பெயிண்ட் கொப்பளித்து, கால் கட்டைவிரலால் அழுத்தினால் தரை மெத்தென்று அமுங்கினால், அடியிலிருக்கும் மரத்தளமும் போய்விட்டது. அப்போது வேலை சுவரோடு முடியாது. புதுச் சரவுண்டை அந்த மூலையையும் தாண்டித் தரைவரை இறக்கித் திட்டமிடுவது நல்லது.

முழுவதும் இடிக்காமல் ஒப்பேற்றும் வழிகள் இரண்டு விற்பனையில் உள்ளன. ஒன்று, பழைய தொட்டியின்மேல் புதுப் பூச்சு அடிப்பது. பின்சுவர் உறுதியாக இருந்து, எனாமல் மட்டும் தேய்ந்திருந்தால் இது சில ஆண்டுகளுக்குக் கைகொடுக்கும். ஆனால் பழைய பூச்சை உரிக்கப் பயன்பட்ட மெத்திலீன் குளோரைடு உயிரைப் பறித்திருக்கிறது. 2000 முதல் 2011 வரை அமெரிக்காவில் தொட்டிப் பூச்சு வேலை செய்த 13 தொழிலாளர்கள் அந்த ஆவியால் இறந்ததை அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 2012இல் பதிவு செய்தது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. காற்றோட்டமில்லாத சிறு அறையில், தொட்டிக்குள் குனிந்து வேலை செய்பவரின் முகத்தருகே தேங்கி நிற்கும். 2019இல் அந்த ரசாயனம் கலந்த பெயிண்ட் நீக்கிகளைப் பொதுமக்களுக்கு விற்பதை அமெரிக்கா தடை செய்தது. எந்த ரசாயனம் பயன்படுத்தப்படுகிறது, காற்று எப்படி வெளியேற்றப்படுகிறது என்று கேட்காமல் இந்த வேலையை யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது. கூலிக்கு வருபவரின் உயிரும் வீட்டுக்காரரின் பொறுப்புதான்.

மற்றொன்று, பழைய தொட்டிக்கும் சுவருக்கும் மேலேயே அக்ரிலிக் உறை ஒன்றை ஒட்டுவது. ஒரே நாளில் முடியும், பார்க்கப் புதிதாக இருக்கும். ஆனால் உறைக்கும் பழைய தொட்டிக்கும் இடையே நீர் புகுந்தால் வெளியேற வழியில்லை. பின்சுவரின் நிலையும் யாருக்கும் தெரியாமலே மூடப்படுகிறது. சுவர் நனைந்த வீட்டுக்கு இது தீர்வாகாது.

இடிப்பது என்று முடிவானால், அடுத்த கேள்வி மீண்டும் தொட்டியா, அல்லது ஷவர் மட்டுமா என்பது. தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலோர் தொட்டியில் நீர் நிரப்பிப் படுப்பதில்லை. தொட்டிக்குள் நின்று ஷவரிலோ வாளி வைத்துக் குவளையாலோ குளிக்கிறார்கள். ஊரிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோருக்கு, முழங்காலைத் தொடும் உயரத்துக்கு ஈரக்காலைத் தூக்கிவைத்து உள்ளே இறங்குவது தினமும் ஒரு கண்டம். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் வழவழப்பான அடிப்பாகம் இன்னும் வழுக்கும். அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டில் மட்டும் 15 வயதுக்கு மேற்பட்டோர் சுமார் 2,34,000 பேர் குளியலறைக் காயங்களுக்காக அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்ததாகவும், ஐந்தில் நான்கு காயங்கள் விழுந்ததால் ஏற்பட்டவை என்றும் நோய்த்தடுப்பு மையம் மதிப்பிட்டது. முதியோர் புழங்கும் வீட்டில் தாழ்ந்த விளிம்புள்ள ஷவரே சரி. கைக்குழந்தை உள்ள வீட்டில், அல்லது வீட்டில் இருப்பதே ஒரு தொட்டிதான் என்றால், அதை வைத்துக்கொள்வது நல்லது. வீட்டை விற்கும்போது குழந்தையுள்ள குடும்பங்கள் அதைத் தேடும்.

தொட்டியை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஷவர் தளம் வைக்கும்போது கழிவுக்குழாயின் அளவு குறுக்கே நிற்கிறது. தொட்டிக்கு ஒன்றரை அங்குலக் குழாய் போதும். ஷவருக்குப் பல ஊர்களின் விதிகள் 2 அங்குலம் கேட்கின்றன. தொட்டியில் தண்ணீர் சற்று நேரம் தேங்கினாலும் கெடுதல் இல்லை. தாழ்ந்த ஷவர் தளத்தில் தேங்கினால் அது அறைக்குள் வழியும். குழாயை மாற்ற வேண்டுமானால் தரையைத் திறக்க வேண்டும். அடுக்ககம் என்றால் கீழ்வீட்டுக் கூரையும் சங்கத்தின் அனுமதியும் கணக்கில் வரும். கான்கிரீட் தளத்தின்மேல் நிற்கும் வீட்டில் தளத்தையே உடைக்க வேண்டியிருக்கும். இந்த ஒரு விவரத்தைக் கேட்காமல் போடப்படும் மதிப்பீடு மதிப்பீடே அல்ல.

தொட்டியையே மீண்டும் வைப்பதானால் பொருள் எது என்று தீர்மானிக்க வேண்டும். எனாமல் பூசிய வார்ப்பிரும்புத் தொட்டி வெந்நீரின் சூட்டை நெடுநேரம் காக்கும், எளிதில் கீறல் விழாது, தலைமுறை கடந்தும் நிற்கும். ஆனால் 5 அடித் தொட்டி 300 பவுண்டுக்கு மேல், ஏறக்குறைய 140 கிலோ கனக்கும். மாடிப்படி ஏற்ற நான்கு பேர் வேண்டும். எனாமல் பூசிய எஃகுத் தொட்டி மலிவு, ஆனால் ஏதாவது கனமாக விழுந்தால் எனாமல் தெறிக்கும். அங்கே துரு பிடிக்கும். கண்ணாடியிழைத் தொட்டி எல்லாவற்றிலும் மலிவு, இலேசு. மேற்பூச்சு மெல்லியது, மஞ்சள் பூசிக் குளிக்கும் வீட்டில் கறை விரைவில் பிடிக்கும். அக்ரிலிக், வார்ப்பிரும்புக்கும் கண்ணாடியிழைக்கும் நடுவே நிற்கிறது. பெரும்பாலான குடும்பங்களுக்கு நல்ல கனமுள்ள அக்ரிலிக் தொட்டியே போதுமானது. ஒரு நிபந்தனை: இலேசான தொட்டிகளின் அடியில், தயாரிப்பாளர் தடுக்காதவரை, சாந்துப் படுகை இட்டு அதன்மேல் அமர்த்த வேண்டும். 40 கேலன் தண்ணீர் மட்டுமே 330 பவுண்டுக்கு மேல் எடை. அடியில் தாங்கல் இல்லாத தொட்டி ஒவ்வொரு முறை கால் வைக்கும்போதும் நெளியும். அந்த நெளிவில் சுவரோரச் சிலிக்கோன் பிரிந்துவிடும்.

கடையில் வாங்கும்போது வலப்பக்கத் தொட்டியா இடப்பக்கத் தொட்டியா என்று கேட்பார்கள். தொட்டிக்கு முன் நின்று அதைப் பார்க்கும்போது தண்ணீர் வெளியேறும் ஓட்டை எந்தக் கைப்பக்கம் இருக்கிறதோ அதுவே கணக்கு. 60 அங்குலம் என்பது டைல்ஸிலிருந்து டைல்ஸுக்கு அல்ல, மரச்சட்டத்திலிருந்து மரச்சட்டத்துக்கு எடுக்கும் அளவு என்பதும் முக்கியம். சுவர் மூடியிருக்கும்போது நாடா பிடித்தால் 58, 59 அங்குலம்தான் காட்டும். பழைய வீடுகளில் சட்டங்கள் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்பதும் அபூர்வம். மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, குறைந்த அளவையே கொள்ள வேண்டும். கதவின் அகலமும் படிக்கட்டின் திருப்பமும் அளக்கப்பட வேண்டியவையே.

சுவருக்கு வருவோம். பலகைச் சரவுண்டுகளில், இருக்கும் சுவரின்மேல் பசையால் ஒட்டுபவையும், மரச்சட்டத்திலேயே நேரடியாகத் திருகுபவையும் உண்டு. முதல் வகை பின்சுவரின் நலத்தை நம்பி வாழ்வது. இரண்டாம் வகையின் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் தொட்டி விளிம்பின்மேல் இறங்கியும் நிற்பதால், இணைப்பில் புகும் தண்ணீரும் தொட்டிக்குள்ளேயே திரும்பும். குறைந்த செலவில் நீடித்து நிற்பது இதுவே. டைல்ஸ் மோகம் இல்லாதவர்கள் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம்.

டைல்ஸ்தான் வேண்டும் என்பவர்கள் அதன் பின்புறத்துக்குச் செலவழிக்க வேண்டும். ஒரு காலத்தில் பச்சைக் காகிதம் ஒட்டிய, ஈரம் தாங்கும் என்று சொல்லப்பட்ட ஜிப்சம் பலகையின்மேல் டைல்ஸ் ஒட்டினார்கள். அமெரிக்க மாநிலங்கள் பலவும் பின்பற்றும் வீட்டுக் கட்டட விதித்தொகுப்பின் 2006ஆம் ஆண்டுப் பதிப்பு, தொட்டி, ஷவர் சுவர்களில் அதைப் பயன்படுத்துவதை நீக்கியது. இப்போது வழக்கம் சிமெண்ட் பலகை. சிமெண்ட் பலகை நனைந்தாலும் கெடாது. ஆனால் தண்ணீரை உள்ளே விடும். ஆகவே அதன் முன்பக்கம் தூரிகையால் பூசும் ரப்பர் போன்ற நீர்த்தடுப்புப் பூச்சோ ஒட்டும் படலமோ வேண்டும். அல்லது பின்பக்கம் பாலிதீன் தாள் வேண்டும். முன்னும் பின்னும் இரண்டையும் வைத்தால் நடுவே மாட்டிய ஈரம் காய வழியின்றி நிற்கும். குளிர்ப் பகுதிகளில் வெளிச்சுவருக்குள் விதிப்படியே ஆவித்தடுப்புத் தாள் இருக்கும். தொட்டி வெளிச்சுவரை ஒட்டியிருந்தால் உள்ளூர்க் கட்டட ஆய்வாளரிடம் கேட்டுத்தான் இதை முடிவு செய்ய வேண்டும். சோப்பு வைக்கும் மாடத்தை வெளிச்சுவரில் குடைவதும் கூடாது. அந்த இடத்தில் குளிர்காப்பு போய்விடும்.

பலகை தொட்டி விளிம்பில் முட்டி நிற்கக் கூடாது; கால் அங்குலம் விட வேண்டும். முட்டினால் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அது தண்ணீரை மேலே இழுக்கும். நீர்த்தடுப்பு அடுக்கு தொட்டியின் மடிப்பின்மேல் இறங்கி வர வேண்டும். நீர்த்தடுப்பு ஷவர் தலைக்கு மேல் வரை போவது நல்லது. விதிகள் கேட்பது பொதுவாகத் தரையிலிருந்து 6 அடிதான்.

சுவர் திறந்திருக்கும் சில நாள்களே பிளம்பருக்கான காலம். பழைய வீட்டில் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் இருந்தால் அப்போதே செம்புக்கோ பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் குழாய்க்கோ மாற வேண்டும். வெந்நீருக்கும் தண்ணீருக்கும் தனித்தனிக் கைப்பிடி வைத்த பழைய வால்வு, வீட்டில் யாராவது கழிப்பறையில் ஃப்ளஷ் இழுத்தால் குளிப்பவர்மேல் சுடுநீரைக் கொட்டும். இன்றைய விதிகள் கேட்பது அழுத்தத்தைச் சமன்செய்யும் வால்வு அல்லது வெப்பம் காக்கும் வால்வு. அதன் உச்ச வெப்பம் 120 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 49 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாதபடி அமைக்க வேண்டும். வால்விலிருந்து தொட்டிக் குழாய்க்குப் போகும் இணைப்பைச் செம்பிலேயே செய்ய வேண்டும். பெக்ஸின் உள்விட்டம் சிறியது. கீழே போக முடியாத தண்ணீர் மேலேறி, தொட்டிக் குழாயைத் திறக்கும்போதே ஷவரிலும் சொட்டும். வால்வைப் பதிக்கும் ஆழம் முடிந்த சுவரின் கனத்தைப் பொறுத்தது என்பதால் டைல்ஸும் பலகையும் எதுவென்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். வாளி, குவளைக் குளியல் பழகியவர்களுக்குக் கையில் எடுக்கும் ஷவர் ஒன்றைச் சேர்ப்பது பெரும் வசதி.

அதே நாள்களில் கைப்பிடிக் கம்பிக்கான இடமும் தயாராக வேண்டும். தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில், சட்டங்களுக்கு இடையே குறுக்குக் கட்டைகளைப் பதித்துவிட்டால், கம்பியை இன்றோ பத்து ஆண்டு கழித்தோ மாட்டலாம். அந்தக் கட்டைக்கு ஆகும் செலவு அற்பம். சுவரை மூடிய பிறகு அதே வசதிக்கு டைல்ஸை உடைக்க வேண்டும்.

இடிப்புக்கு முன் கவனிக்க வேண்டிய ஆபத்துகள் இரண்டு. 1978க்கு முன் கட்டிய அமெரிக்க வீடுகளில் ஈயப் பெயிண்ட் இருக்கலாம். கூலிக்கு வேலை செய்பவர்கள் அதைக் கையாளும் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்ற விதி 2010 முதல் நடப்பில் உள்ளது. பழைய வினைல் தரை, சுவர் இணைப்புப் பூச்சு, டைல்ஸ் பசை ஆகியவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். கனடா ஆஸ்பெஸ்டாஸைப் பொதுவாகத் தடை செய்ததே 2018இன் இறுதியில்தான். பழைய வீடு என்றால் ஒரு துண்டைச் சோதனைக்கு அனுப்பிய பிறகே சம்மட்டி எடுக்க வேண்டும்.

வேலையின் வரிசையில் ஒரு விதி மற்றெல்லாவற்றையும்விடப் பெரியது: தொட்டி, வால்வு, சரவுண்ட், டைல்ஸ் எல்லாம் வீட்டுக்கு வந்து, பெட்டி பிரித்து, விரிசல் இல்லை என்று பார்த்த பிறகுதான் இடிக்கத் தொடங்க வேண்டும். ஒரு வால்வுக்காகக் குளியலறை இல்லாமல் மூன்று வாரம் காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. வார்ப்பிரும்புத் தொட்டியைச் சம்மட்டியால் உடைத்தே வெளியேற்றுவது வழக்கம். சில்லுகள் கத்திபோலத் தெறிப்பதால் கண்காப்பும் கனத்த போர்வையும் வேண்டும். பிறகு மக்கிய சட்டங்களை மாற்றுதல், குழாய் வேலை, ஆய்வாளர் பார்வை, ரசமட்டம் வைத்துத் தொட்டியை அமர்த்துதல், தொட்டியில் நீர் நிரப்பித் திறந்துவிட்டு இணைப்புகளில் கசிவு பார்த்தல், அதன்பின் சுவர். டைல்ஸ் பதித்த ஷவர் தளமானால் வடிகாலை அடைத்து 24 மணி நேரம் நீர் தேக்கிச் சோதிக்க வேண்டும். சுவரைத் திறந்த பின்தான் தெரியவரும் சேதத்துக்காக மதிப்பீட்டில் பத்து முதல் இருபது விழுக்காடு ஒதுக்குவது அனுபவத்தில் நிலைத்த வழக்கம்.

தொட்டியும் சுவரும் சேரும் கோட்டில் க்ரௌட் இடக் கூடாது. இரண்டும் வெவ்வேறாக அசைவதால் வெடித்துவிடும். அங்கே சிலிக்கோன்தான். அதை இடும் முன் தொட்டியைத் தண்ணீரால் நிரப்ப வேண்டும். பாரத்தில் தொட்டி இறங்கி இடைவெளி முழுதாக விரிந்திருக்கும்போது சிலிக்கோனை இட்டு, அது இறுகும்வரை தண்ணீரை வடிக்காமல் விட்டால், பின்னர் குளிக்கும்போது இணைப்பு இழுபடாது. காலியான தொட்டியில் இட்ட சிலிக்கோன் முதல் குளியலிலேயே பிரியத் தொடங்கலாம்.

ஈரக்காற்றை வெளியேற்றும் விசிறி நிமிடத்துக்கு 50 கன அடி இழுக்க வேண்டும். அதன் குழாய் பரணில் முடியாமல் வீட்டுக்கு வெளியே திறக்க வேண்டும். குளித்து முடித்தபின்னும் அது கொஞ்ச நேரம் ஓடட்டும்.

சுவரை மூடும் முன்பு செய்ய வேண்டியது இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. மூன்று சுவர்களையும், அளவு நாடாவைப் பக்கத்தில் நிறுத்தி, படம் எடுத்து வைக்க வேண்டும். குழாய் எங்கே வளைகிறது, குறுக்குக் கட்டை எந்த உயரத்தில் இருக்கிறது என்பது அந்தப் படங்களைத் தவிர வேறெங்கும் பதிவாகாது. வீட்டுப் பத்திரங்களோடு அவற்றையும் சேர்த்து வையுங்கள். நாளை அந்தச் சுவரில் துளையிடப் போகிறவருக்கு அவை தேவைப்படும்.